படி தாண்டிய செருப்பு

அன்று மத்தியானம் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினேன். இடது கால் செருப்பு கழன்றது. வலது கால் செருப்பு கழலவில்லை.

வெயிலில் ரப்பர் இளகி ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். பள்ளிபாளையத்தில் ஜவுளி பேல் ஏற்றி வண்டியை அனுப்பிவிட்டு, வரும் வழியில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறையில் எங்கள் வண்டி டயர் ஒன்றைப் பார்த்துவிட்டு நாமக்கல் வந்து சேர்ந்திருந்தேன். காலை உதறினேன். செருப்பும் கூடவே உதறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலால் அதன் குதிகால் பக்கத்தை மிதித்து இழுத்தேன். பின்பக்கம் தூக்கிக் கொடுத்தது, முன்பக்கம் விடமாட்டேன் என்றது.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி ஜெயமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, வாசல்ல நின்னுட்டு என்ன டேன்சுங்க அது?"

செருப்பு கழல மாட்டேன் என்கிறது என்றேன். சொல்லிக்கொண்டே நொண்டியபடி உள்ளே ஒரு கால் எடுத்து வைக்கப் போனேன். அவள் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிவிட்டாள். செருப்போடு படி தாண்டக் கூடாது, காலே போனாலும் சரி என்றாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள், பாவம். அந்தக் கடைசி வார்த்தையை அப்புறம் பல நாள் நினைத்து நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கீழே உட்கார்ந்து, இரண்டு கையாலும் செருப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வந்துவிட்டது. செருப்பின் முன்பக்கத்தில் ஒரு டயர் கம்பி நிமிர்ந்து நின்றது. அதன் முனை சிவப்பாக இருந்தது. படியில் ரத்தம் சொட்டியது.

ஜெயமணி செருப்பைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கடைசியாக என் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்கலீங்களா?"

"இல்லையே" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். முப்பது வருஷம் லாரி ஓட்டிய கால் ஆயிற்றே, ஒரு கம்பிக்கெல்லாம் அசைந்துவிடுமா?

தொட்டால் சொல்லுங்கள்

இந்தத் தொடரில் இதுவரை சாலைகளைப் பற்றியும் சரக்குகளைப் பற்றியும் எழுதிவிட்டேன். அத்தனை சாலையையும் மிதித்த காலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. காலும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண். காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, கட்டுக் கட்டி முடித்தாள். சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டாள். சரியாக நினைவில்லை என்றேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்றாள். ஞாபகம் வந்தால் சாப்பிடுவேன் என்றேன். பக்கத்தில் இருந்த ஜெயமணி, ஞாபகம் வருவதில்லை என்று சேர்த்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு பிடியில் பொருத்திய நைலான் நூலை எடுத்தாள். மீன் தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள்.

"அப்பா, இதால பாதத்தைத் தொடுவேன். தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். ஃபேன் ஓடியது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆரம்பிங்கம்மா" என்றேன்.

"முடிச்சிட்டேங்கப்பா" என்றாள்.

ஜெயமணி சிரிக்கவில்லை. சிரிக்காத ஜெயமணியைப் பார்த்த பிறகுதான் இது விளையாட்டில்லை என்று எனக்குப் புரிந்தது.

கால் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றாள் டாக்டர். வலி தெரியாதது பலம் இல்லை, அதுதான் வியாதி. கம்பி பெருவிரலுக்கு நேர் கீழே ஏறியிருந்தது. செருப்பு கழலாமல் போனதால் அன்றைக்கே தெரிந்தது. கழன்றிருந்தால், புண் புரையோடி நாற்றம் அடித்த பிறகுதான் தெரிந்திருக்கும். அப்போது பெருவிரலை எடுக்க வேண்டி வந்திருக்கும். விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

வலது கால் பெருவிரல் என்றால் ஆக்சிலேட்டர் மிதிக்கிற விரல். அதை எடுத்துவிட்டால் நான் வெறும் ஓனர். டிரைவர் லீவு போட்டால், வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டு செல்போனோடு உட்கார்ந்திருக்கிற ஓனர்.

பிறகு உத்தரவுகள் வந்தன. கால் கழுவியதும் விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்கில் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைக் குடையக் கூடாது. வெந்நீரின் சூட்டைக் காலை விட்டுப் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். செருப்பைப் போடுமுன் உள்ளே கையால் தடவிப் பார்க்க வேண்டும். தினம் ஒரு தடவை பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். காய்ப்பை பிளேடால் சீவவே கூடாது.

இந்தக் கடைசி விஷயம் எனக்குப் புதிது. லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் நாங்கள் டிரைவர்கள் வட்டமாக உட்கார்ந்து, சவரம் செய்து முடித்த பிளேடால் பாதத்துக் காய்ப்பைச் சீவுவோம். கேரட் தோல் சீவுவது போலச் சீவிக்கொண்டே அரசியல் பேசுவோம். அதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.

ஒவ்வொரு உத்தரவுக்கும் ஜெயமணி தலையாட்டினாள். கடைசியாக டாக்டர் சொன்னாள், "வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும். ஒரு அடி கூட வெறுங்கால்ல நடக்கக் கூடாது. மெத்துன்னு இருக்கற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கிக்கங்க."

ஜெயமணியின் தலை பாதியில் நின்றுவிட்டது.

வெள்ளை டைல்ஸ்

எங்கள் வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சண்டை புரியாது.

காலமெல்லாம் காரை பெயர்ந்த சிமெண்டுத் தரையைக் கூட்டி அலுத்துப்போனவள் ஜெயமணி. சில வருஷம் முன்னால் வீடு முழுக்க வெள்ளை டைல்ஸ் போட்டோம். அன்றிலிருந்து அவள் தரையைத் துடைப்பதில்லை, குளிப்பாட்டுகிறாள். விருந்தாளி வந்தால் முதலில் அவர்கள் பாதத்தைத்தான் பார்ப்பாள். சம்பந்தி வீட்டார் வந்தபோதே வாசலில் பக்கெட்டும் சொம்பும் தயாராக இருந்தன.

அந்தத் தரையில் நடப்பது அவளுக்கு அத்தனை சுகம். "டைல்ஸ் போட்டதுல இருந்து பஞ்சு மேல நடக்கறாப்புல இருக்குதுங்க" என்பாள். பக்கத்து வீட்டு சரசக்காவிடமும் சொல்வாள். தன் வீட்டு டைல்ஸில் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று சரசக்கா சொன்னதற்கு, உங்கள் வீட்டில் போட்டது மட்ட ரகம் என்று பதில் சொல்லி, கொஞ்ச நாள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சாமி படம் இருக்கிற வீட்டில், சோறு பொங்குகிற வீட்டில், அதுவும் இந்த டைல்ஸ் மேல் செருப்பா?

புதுச்செருப்புதானே, தெருவை மிதிக்காத செருப்புதானே என்றேன். செருப்பு என்றால் செருப்புதான் என்றாள். டாக்டர் சொன்னாளே என்றேன். அந்தப் புள்ளை தன் வீட்டில் போட்டுக்கொள்ளட்டும் என்றாள். சரி, விரல் போனால் பரவாயில்லையா என்றேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கலங்கிய கண்ணோடும் அவள் இறங்கி வரவில்லை.

"என் தரையில என்னங்க கெடக்குது உங்க காலைக் குத்தறதுக்கு? ஒரு கடுகு கெடக்குதான்னு காட்டுங்க பாக்கலாம்."

காட்ட முடியாது. உண்மையிலேயே கிடக்காது.

செருப்போடுதான் நடப்பேன் என்று நான் கிளம்பினால், அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். அந்த அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அதைச் சொல்லிக் காட்டுகிற தைரியம் எனக்கு வரவில்லை.

சமாதானமாக சாக்ஸ் போட்டுப் பார்த்தேன். சாக்ஸும் டைல்ஸும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஹாலில் கிளம்பியவன் சமையலறையில் ஃபிரிட்ஜைக் கட்டிப் பிடித்துத்தான் நின்றேன். விரலைக் காப்பாற்றப் போய் இடுப்பு போயிருக்கும்.

கேபினில் ஒரு கோர்ட்டு

கோபத்தில், இனி என் வாசம் லாரியில்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வண்டி டிரிப் முடிந்து ஷெட்டில் நின்றது. என் காசில் வாங்கிய வண்டி, என் இஷ்டத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருவேன் என்று நினைத்தேன்.

எங்கள் லாரிக்காரர்களைத் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்து டிரைவர் பலரும் செருப்போடு கேபினுக்குள் ஏறமாட்டார்கள். அதற்குள் சாமி இருக்கிறது, தினம் பூவும் ஊதுபத்தியும் நடக்கிறது. வெறுங்காலோடுதான் கிளட்ச், வெறுங்காலோடுதான் பிரேக். பழைய வண்டிகளில் இன்ஜின் சூடு கால் வழியாக மண்டைக்கு ஏறும். அப்படியும் செருப்பு கிடையாது.

கீழே கழற்றிய செருப்பை எடுத்துப் படியோரம் சொருகி வைக்க வேண்டும். நான் அதை மறந்துவிடுவேன். தாபாவில் சாப்பிட்டுவிட்டு வந்து, செருப்பைக் கீழே விட்டு ஏறி, அப்படியே கிளம்பிவிடுவேன். ஹூப்ளியில் ஒரு ஜோடி, நாக்பூரில் ஒரு ஜோடி, ஒரிசாவில் பெயர் தெரியாத ஊரில் ஒரு ஜோடி. இந்தியாவில் பாதி மாநிலத்தில் என் செருப்பு நின்றுகொண்டிருக்கிறது. அடுத்த ஊரில் வெறுங்காலோடு இறங்கி, தார் ரோட்டில் துள்ளிக்கொண்டே போய்ப் புதிது வாங்குவேன்.

ஆனால் வண்டியின் கால்களை நான் மறந்ததில்லை. தினம் காலையில் ஒவ்வொரு டயராகக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பேன். ஜோடி டயருக்கு நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். என் கால் விரலுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

அன்று ஷெட்டில் செருப்போடு ஒரு கால் தூக்கிப் படியில் வைத்தேன். கை தானாகப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டது. மறுபடி மாட்டினேன். சாமி படத்தைப் பார்த்தேன். மறுபடி கழற்றினேன். இந்தக் கூத்தை, சோற்றுத் தூக்கோடு பின்னாலேயே வந்த ஜெயமணி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வண்டிக்கு ஒரு நாயம், என் ஊட்டுக்கு ஒரு நாயமுங்களா?"

எனக்கு இரண்டு வீடு. இரண்டிலும் செருப்புக்கு இடமில்லை. தூக்கை வாங்கிக்கொண்டு, வழக்கம்போலச் செருப்பை மறந்து, வெறுங்காலோடு அவள் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தேன். வழியில் கல்லைப் பார்த்து நடங்கள் என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

மேச்சேரிப் பிடி

மறுநாள் அவளே ஒரு வழி சொன்னாள். செருப்பு வேண்டாம், அதற்குப் பதில் தினம் காலையில் என் காலை அவளே பார்த்துவிடுவாள்.

ஜெயமணி மேச்சேரிப் பக்கம் பிறந்தவள். ஆடு வளர்த்த வீடு. மழைக்காலத்தில் ஆட்டுக் குளம்பு இடுக்கில் புண் வந்துவிடும் என்று, ஒவ்வொன்றாகப் பிடித்துப் புரட்டிக் குளம்பைப் பார்ப்பது சின்ன வயதில் அவள் வேலை. அந்தப் பிடியை அவள் மறக்கவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் கணுக்காலைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புவாள். என் முழங்காலை அக்குளில் இடுக்கிக்கொள்வாள். விரல்களைப் பிரித்து டார்ச் அடிப்பாள். நான் நெளிந்தால், "ஆடாம நில்லுங்க" என்பாள். நான் உட்கார்ந்துதான் இருப்பேன்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பார்த்தாள். இடுக்கில் சேற்றுப்புண் வெளுக்க ஆரம்பித்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். குதிகால் வெடிப்பு ஆழமாவதை அவள்தான் பார்த்தாள். எண்ணெய் தடவித் தடவி என் பாதம் கல்யாணத்தன்றுகூட இல்லாத பளபளப்புக்கு வந்துவிட்டது.

இதை ஜன்னல் வழியாகப் பார்த்த சரசக்கா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். ஜெயமணி தினம் காலையில் புருஷன் காலைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைக்கிறாள் என்று தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. எதிரே வந்த இரண்டு ஆண்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மரியாதையே இல்லாமல் பார்த்தார்கள்.

உனக்கும் ஒரு தடவை சர்க்கரை பார்த்துவிடலாமே என்று நான் இரண்டு மூன்று தடவை சொன்னதுண்டு. டீயையே சர்க்கரை போடாமல் குடிக்கிறவளுக்கு எங்கிருந்து வரும் என்பாள். அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

தரையில் சிவப்பு

மழை வருகிற மாதிரி இருந்த ஒரு காலை. நான் எழுந்து வந்து ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெயமணி சமையலறையிலிருந்து டார்ச்சோடு வந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

டைல்ஸ் மேல் சிவப்பாக ஒரு தீற்றல். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

அடுத்த நிமிஷம் என் இரண்டு காலும் அவள் கையில் இருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள், கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்த்தாள், குதிகாலை அமுக்கினாள். வாய் மட்டும் ஓயாமல் ஓடியது. எங்கே போனீர்கள், எதை மிதித்தீர்கள், எத்தனை சொன்னாலும் நீங்கள் கேட்பதில்லை. காலில் ஒன்றுமில்லை. மறுபடியும் முதலிலிருந்து தேடினாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீற்றல்கள் சமையலறையிலிருந்து வந்தன. நான் அன்று சமையலறைப் பக்கமே போகவில்லை. அதிலொன்று முழுக் குதிகால் அச்சாகவே விழுந்திருந்தது. சின்னக் குதிகால்.

"புள்ள, உன்ற காலைக் காட்டு" என்றேன்.

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். புருஷன் முன்னால் காலை நீட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. தூக்கத்தில் கால் என் மேல் பட்டால் எழுந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படுக்கிறவள். தனக்கு ஒன்றுமில்லை, வலி கிலி எதுவும் இல்லை என்றாள்.

வலி இல்லை என்று அவள் சொன்னதும், பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கிறது என்று அவள் வருஷக்கணக்கில் சொன்னதெல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. டைல்ஸில் ஏது பஞ்சு? மரத்துப்போன பாதத்துக்குத்தான் அப்படி இருக்கும். ஆஸ்பத்திரியில் நைலான் நூல் தொட்டதே தெரியாமல் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கே அது உறைக்கவில்லை.

கீழே உட்கார்ந்து, அவள் காலை இழுத்து மடியில் வைத்தேன். குதிகாலுக்குச் சற்று முன்னால், பச்சை நிறத்தில் ஒரு கண்ணாடி வளையல் துண்டு பாதி உள்ளே போயிருந்தது. சரசக்கா மகள் வளைகாப்பில் போட்டுவிட்ட வளையல். முந்தின நாள், பாத்திரம் கழுவும்போது உடைந்தது என்று சொல்லி, துண்டுகளைப் பொறுக்கிப் போட்டிருந்தாள். கடுகு கிடக்காத தரையில் அது ஒன்று மட்டும் தப்பிக் கிடந்திருக்கிறது. சமையலறையிலிருந்து ஹால் வரை அதன் மேலேயே நடந்து வந்து, என் காலில் காயம் தேடியிருக்கிறாள்.

"வலிக்கலியா புள்ள?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். பிறகு அழுதாள். நானும்தான்.

டாக்டரிடம் போனோம். சின்னப் பெண் துண்டை எடுத்துக் கட்டுப் போட்டாள், ரத்தம் எடுத்தாள். சர்க்கரை என் அளவையும் தாண்டி நின்றது. பிறகு அந்த நைலான் நூல். ஜெயமணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூல் அவள் பெருவிரலைத் தொட்டு வளைந்தது, விரலடியைத் தொட்டு வளைந்தது, குதிகாலைத் தொட்டு வளைந்தது. அவள் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு, தெரியுது என்று அவளுக்காக நானே சொல்லிவிடலாமா என்றிருந்தது.

பூசை

காயம் ஆற அதிக நாள் ஆயிற்று. அதுவரை அவள் கட்டிலிலும் நாற்காலியிலும்தான் இருந்தாள். தினம் காலையில் டார்ச்சோடு அவள் காலை நான்தான் இழுத்து வைத்துப் பார்த்தேன். தரையையும் நானே துடைத்தேன். தண்ணீர் கோடு தெரிகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குறை சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டால்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

செருப்பைப் பற்றி நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. என் எம்.சி.ஆர். செருப்பு மட்டும் அட்டைப்பெட்டியோடு வாசலிலேயே இருந்தது.

ஆயுத பூசை வந்தது. எங்கள் ஊரில் தீபாவளியைவிட அதுதான் பெரிது. லாரியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு டயருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, டயர் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி நகர்த்தினோம். பொரி கொடுத்து முடித்து வீட்டுக்கு வந்தேன்.

வாசற்படிக்கு உள்ளே, வெள்ளை டைல்ஸ் மேல், ஒரு தலைவாழை இலை. இலை மேல் இரண்டு ஜோடி செருப்பு. ஒன்று என்னுடையது. இன்னொன்று சின்னது. எங்கள் மகளைச் சேலத்துக்கு அனுப்பி ரகசியமாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். நாலு செருப்பிலும் சந்தனம், நடுவில் குங்குமம். நாலுக்கும் முன்னால் தனித்தனியாக எலுமிச்சம்பழம். கற்பூரத் தட்டோடு ஜெயமணி நின்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முறைத்த முறைப்பில் அடக்கிக்கொண்டேன்.

"வண்டிக்குப் பூசை போட்டாத்தானுங்க ரோட்டுல உடுவீங்க. இது ஊட்டுக்குள்ள ஓடற வண்டி. தெருவுக்கு எறக்கக் கூடாது. சாமி ரூம்புக்கு மட்டும் பெர்மிட் இல்லீங்க."

சாமி அறையில் என்ன செய்வது என்றேன். அங்கே மெத்தென்று பாய் விரித்து, அவளே கையால் தடவிப் பார்த்திருக்கிறாளாம்.

செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு நான் முதலில் மாட்டினேன். வலது காலால் பழத்தை மிதித்தேன். வாசலில் நின்ற சரசக்கா இதைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். தெருவுக்கு என்ன செய்தி போயிற்று என்று எனக்குத் தெரியாது.

ஜெயமணி செருப்பை மாட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பழத்தை மிதித்தாள். இன்னொன்றையும் மிதித்தாள். சாறு டைல்ஸ் முழுக்கத் தெறித்து ஓடியது, விதை சிதறியது. இடுப்பில் சொருகியிருந்த துடைக்கும் துணிக்கு அவள் கை போயிற்று. பாதியில் நின்றுவிட்டது.

"இருக்கட்டுங்க, அப்பறம் தொடச்சுக்கலாம்" என்றாள்.

பிறகு செருப்பு காலோடு ஹாலைக் கடந்து போய், என் நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். டார்ச்சை என் கையில் கொடுத்தாள். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, என் பக்கம் காலை நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்க இன்னும் பாக்கலீங்க."